வைரம் பாய்ந்த சன்னல்

பழைய வீட்டுத் தேக்குச் சன்னலைப் பார்க்க உகந்த நேரம் இளங்காலை. வெயில் சாய்வாக வந்து சட்டத்தில் படியும்போது அதன் மேனி முழுதும் கண்ணுக்குப் புலப்படும். இழைப்புளி ஓடிய மெல்லிய தடம், நெடுக இறங்கும் மரத்தின் வரி, எத்தனையோ கைகள் பட்டு மழமழத்த விளிம்பு, எல்லாம் அந்த ஒளியில் துலங்கும். எந்த இடத்தில் சாயம் உப்பியிருக்கிறது, எந்த மூலையில் கீறல் விட்டிருக்கிறது என்பதையும் அதே ஒளிதான் காட்டிக்கொடுக்கும். அழகைத் தேடிப் போகிற கண்ணுக்கே பழுதும் முதலில் தெரிகிறது. "இந்தச் சன்னலை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுவிடலாமா?" என்ற பேச்சு எந்தப் பழைய வீட்டிலும் ஒருநாள் எழத்தான் செய்யும். பதில் சொல்வதற்கு முன், வாருங்கள், அந்தச் சாய்ந்த வெயிலில் ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில் அதன் அமைப்பைப் பாருங்கள். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும், காவிரிக் கரை அக்கிரகாரங்களிலும், ஒரு சன்னலுக்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். மேலே ஓர் இணை, கீழே ஓர் இணை. இந்தப் பகுப்பில் எவ்வளவு நுட்பமான இல்லறம் அடங்கியிருக்கிறது! பகல் தூக்கத்துக்குக் கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டால் தெருவின் கண் உள்ளே வராது. மேற்கதவுகள் திறந்தே இருக்கும். சூடான காற்று மேலே எழும்புவது அதன் இயல்பு. அது அந்த மேல் வாயில் வழியாகத் தானே வெளியேறிவிடும். வெளிச்சமும் உயரத்திலிருந்து இறங்கி, கண்ணைக் கூசவைக்காமல் அறைக்குள் பரவும். மறைவு வேண்டும், காற்றும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளையும் ஒரே நிலைக்குள் இணக்கமாய்க் குடிவைத்த கைகளை வணங்கத் தோன்றுகிறது. ஒரு கதவு பழுதானால் மற்ற மூன்றையும் தொடாமல் அதை மட்டும் கழற்றிச் செப்பம் செய்யலாம் என்பதையும் இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

அடுத்து மரம். பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகளுக்கு அங்கிருந்து தேக்கைக் கொண்டுவந்தார்கள். அகன்ற, கணு குறைந்த, வைரம் பாய்ந்த மரம். தேக்கின் நடுக்கட்டையில் இயல்பாகவே ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையால் கரையான் அதை எளிதில் தீண்டுவதில்லை. மணற்சத்தும் அதில் கலந்திருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். ஆசாரியைப் பாடுபடுத்திய மரம்தான் நான்கு தலைமுறையைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அதே தேக்கின் புறப்பகுதி, ஆசாரிகள் வெள்ளை என்று ஒதுக்கும் பகுதி, அந்த வல்லமை இல்லாதது. பழைய சன்னலில் கரையான் அரித்த இடத்தை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில் வெளிறிய அந்த வெள்ளை மட்டுமே போயிருக்கும். பக்கத்திலேயே வைரம் அப்படியே பொன்னிறமாய் நிற்கும்.

வெயிலில் கிடந்து சாம்பல் பூத்த தேக்கைக் கண்டு மனம் கலங்க வேண்டாம். அந்தச் சாம்பல் நிறம் மேல்தோலில் மட்டும் படிந்தது. இழைப்புளியை ஒருமுறை மெல்ல ஓட்டினால் போதும், உள்ளிருந்து தேன் நிறமும் தேக்குக்கே உரிய அந்தத் தோல்வாசமும் ஒருசேர எழும். சாம்பல் பூத்தது முதுமை. உளுத்துப்போனது மட்டுமே அழிவு. இரண்டையும் பிரித்தறிய ஒரு கோணூசி போதும். சந்தேகம் தட்டும் இடத்தில் ஊசியை வரியின் குறுக்கே சற்றுக் குத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரமாயிருந்தால் நீளமான சிம்பாக, நார் நாராக, எதிர்ப்புக் காட்டியபடி எழும். உளுத்த மரம் குட்டையாய், சத்தமில்லாமல் பொட்டென்று ஒடிந்து உதிரும். விரலின் கணுவால் தட்டினாலும் வித்தியாசம் கேட்கும்: ஒன்று கணீரென்று பதில் சொல்லும், மற்றது மொத்தென்று அடங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நீடித்தால்தான் பூஞ்சைக்கு அங்கே வாழ்வு. ஆகவே மக்கிய இடம் எதுவானாலும், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வழியை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் புது மரமும் அதே கதிக்கு ஆளாகும்.

இந்தச் சன்னலின் அழகிலெல்லாம் தலையாய அழகு மூலையில் ஒளிந்திருக்கிறது. நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் கூடும் இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். குறுக்குச்சட்டத்தின் நுனியில் செதுக்கிய கழுந்து, நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் நுழைந்து மறைந்திருக்கும். வெளியே தெரிவது ஒரு மயிரிழைக் கோடும், விரல்நுனி அகலத்தில் ஒரு வட்டமும். அந்த வட்டம் மூங்கில் ஆணியின் தலை. இரும்பில்லை, பசையில்லை. மரத்தை மரம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரும்பாணி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறைபடுத்தும். மூங்கிலோ மரத்தோடு சேர்ந்தே நனைந்து, சேர்ந்தே காய்ந்து, பல ஆண்டுகள் இணங்கி வாழும். செய்தவரின் தொலைநோக்கு இனிமேல்தான் தெரியப்போகிறது. அந்த ஆணியைப் பின்னாலிருந்து தட்டினால் கழன்று வந்துவிடும். ஆணி வந்தால் கழுந்து விடுபடும், கழுந்து விடுபட்டால் சட்டம் தனியே வரும். என்றோ ஒருநாள் இதில் ஏதாவது ஓர் உறுப்பு தேயும், அன்று இன்னோர் ஆசாரி வந்து அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு செருகுவார் என்று அந்தக் கைவினைஞர் அன்றே நினைத்திருக்கிறார். எப்போது மாற்றுவது என்ற நம் கேள்விக்கு அவர் வைத்துவிட்டுப் போன விடை இந்த மூட்டு: முழுச் சன்னலுக்கும் ஒரே நாளில் வயதாவதில்லை. எந்தச் சட்டம் ஓய்ந்ததோ அதை மாற்று, மற்றதை வாழவிடு.

முதலில் ஓய்வது பெரும்பாலும் கதவின் அடிச்சட்டம். மழைநீர் வழிந்து வந்து சேரும் இடம் அது. மரத்தின் நீளவாட்டத்தைவிட அறுத்த நுனி பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அடிமூலைகளில் அந்த நுனிகள்தாம் மழையைப் பார்த்தபடி இருக்கின்றன. சாத்திய கதவின் கீழ்விளிம்பைச் சற்றுக் குனிந்து பாருங்கள். நல்ல வேலைப்பாடு உள்ள சன்னலில், வெளிப்புறம் நீட்டிய சட்டத்தின் அடிவயிற்றில், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சிறு பள்ளம் நெடுக ஓடும். வழிந்து வரும் நீர் சட்டத்தின் அடியைப் பற்றிக்கொண்டு உள்நோக்கித் தவழப் பார்க்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பை எட்டியதும் மேலே ஏற முடியாமல் சொட்டி விழுந்துவிடும். விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கோடு ஒரு சுவரையே காக்கிறது. சாயத்துக்கு மேல் சாயம் பூசிப் பூசி இந்தப் பள்ளம் தூர்ந்துபோன சன்னல்களைக் கண்டால் மனம் வலிக்கிறது. உளியின் நுனியால் அதைச் சுரண்டித் திறந்துவிடுவது, புதுச் சன்னல் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய வைத்தியம். அடிச்சட்டமே மக்கியிருந்தால் கதவைக் கழற்றி, அந்த ஒன்றை மட்டும் பழைய தேக்கில் அறுத்துச் செருகலாம். மூலையில் மட்டும் மக்கியிருந்தால் மக்கிய பாகத்தைச் சாய்வாக வெட்டியெடுத்து, அதே சாய்வில் நல்ல துண்டை ஒட்டுப் போடலாம். வரிக்கு வரி சேர்ந்து ஒட்டுத் தெரியாமல் இழைத்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது தனியொரு இன்பம்.

கம்பிகளின் காலடியிலும் ஒரு கணம் தங்குவோம். சதுரக் கம்பி, உருண்டைக் கம்பி, பார்த்துப் பார்த்து முறுக்கிய கம்பி என்று எத்தனை வகை! குழந்தைகள் பிடித்து நின்று தெருவைப் பார்த்ததில் நடுப்பகுதி மட்டும் கறுத்துப் பளபளக்கும். கம்பி கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும் அந்தத் துளையைக் கவனியுங்கள். அங்கே நீர் தேங்கினால் இரும்பு துருவேறும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கம்பிக்கு நேராகக் கீழ்ச்சட்டம் நெடுக வெடிக்கும். வெடிப்பின் வாய் செம்பழுப்பாகக் கறை படிந்திருந்தால் குற்றம் மரத்தினுடையதன்று. துருவைச் சுரண்டி, கம்பியின் காலுக்குத் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, துளையின் வாயைத் தண்ணீர் நிற்காதபடி மக்கு வைத்து அடைத்தால் அந்தச் சட்டம் இன்னும் நெடுங்காலம் உழைக்கும்.

மரம் பருவத்தோடு வாழ்கிறது என்பதைச் சன்னலைவிட அன்பாகச் சொல்லித்தரும் பொருள் வீட்டில் வேறில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கதவு இறுகிப்போகும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். சித்திரையில் அதே கதவு தளர்ந்து, இடுக்கு வழியே வெயில் கோடு போடும். இது பழுதல்ல. ஈரத்தை வாங்கி வரிக்குக் குறுக்கே விரிவதும், வெயிலில் காய்ந்து சுருங்குவதும் மரத்தின் மூச்சு. மழைக்காலத்தில் பொறுமையிழந்து இழைத்துத் தள்ளிவிட்டால் கோடையில் விரற்கடை இடைவெளி நிரந்தரமாகிவிடும். தை, மாசி வரை காத்திருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகும் கதவு உரசினால், நூலை எடுத்து நிலையின் மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் நிலை நேராக நிற்கிறது, கதவையோ கீலையோ கவனித்தால் போதும். அளவு மாறினால் நிலை கோணியிருக்கிறது. அப்போது சுவரும் அடித்தளமும் நகர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் சன்னலை மட்டும் மாற்றுவது வீண்.

கண்ணாடிக்கு வருவோம். 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளக் கண்ணாடி செய்யும் முறையை அறிவித்தது. இன்று நாம் வாங்கும் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் அந்த வழிவந்தது: மாசுமறுவற்றது, எங்கும் ஒரே சீரானது. அதற்கு முந்திய கண்ணாடியை உருளையாக ஊதி, பிளந்து விரித்தோ, குழம்பிலிருந்து தகடாக இழுத்தோ செய்தார்கள். அதனால் அதன் முகத்தில் மெல்லிய அலை இருக்கும். பக்கவாட்டில் நடந்தபடி அதன் வழியே எதிர்வீட்டுத் தூணைப் பாருங்கள். குளத்தில் விழுந்த நிழல் போலத் தூண் லேசாக அசைந்து கொடுக்கும். சில இடங்களில் சிறு குமிழியொன்று கடுகளவு ஒளியைப் பிடித்து வைத்திருக்கும். பழைய கட்டடங்களில் கண்ணாடியைச் சுற்றிய மக்கு, சுண்ணாம்புக்கல் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்தது. எண்ணெய் வற்ற வற்ற அது கல்லாகி, வெடித்து, உதிரும். காற்றடித்தால் கண்ணாடி கடகடக்கும், மழை உள்ளே கசியும். இதைக் கேட்டுத்தான் பலர் சன்னலே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். போனது மக்கு மட்டும். பழையதைப் பொறுமையாகக் கிளறி எடுத்துவிட்டுப் புதிதாக மக்கு வைத்தால், அலையோடும் அந்த அருமையான கண்ணாடி மறுபடி அசையாமல் அமர்ந்துவிடும்.

கீலுக்கும் கொக்கிக்கும் உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். வார்ப்புப் பித்தளைக் கீல் நூறாண்டானாலும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், ஒரு பெருமூச்சுக்கூட இல்லாமல் சுழலும். தளர்வது பெரும்பாலும் திருகாணி பிடித்த துளைதான். அதில் தேக்குச் சிம்பை இறுக்கி அடைத்துவிட்டு அதே ஆணியைத் திருகினால் கதவு நிமிர்ந்துவிடும். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க மாட்டும் நீண்ட கொக்கியின் வளைவில் கொல்லனின் சுத்தியல் தட்டுகள் இன்னும் எண்ணத்தக்கனவாய்ப் பதிந்திருக்கும். கீலின் ஓரத்தில் உதிர்ந்த சாயத்தைப் பாருங்கள்: பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி, அதற்கும் அடியில் மரத்தின் மேனி. ஒரு குடும்பத்தின் கல்யாணங்களெல்லாம் அடுக்கடுக்காய் அங்கே இருக்கின்றன. அந்தச் சாயத்தைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். இந்தியாவில் வீட்டுச் சாயங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்வாக உப்புத்தாள் போடாமல் நனைத்துத் தேயுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளை விலக்கி வையுங்கள், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, விடைகொடுக்க வேண்டிய சன்னலும் தன்னைத் தெளிவாகவே காட்டிவிடும். சுவருக்குள் புதைந்த நிலையின் பின்பக்கம்தான் அதன் உயிர்நிலை. செய்யும்போது அந்த முகத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயோ தாரோ பூசிச் சுவரில் ஏற்றுவது பழைய வழக்கம். பூச்சு தவறிய இடத்தில், வெள்ளை மிகுந்த மரமாகவும் இருந்துவிட்டால், கரையான் சுவர்வழியே ஏறி உள்ளுக்குள் கூடாக்கிவிடும். முன்முகம் அப்போதும் சாயப் பளபளப்போடு நிற்கும். கோணூசி நிலையின் இருபக்கத்திலும், மேலும் கீழும், தடையின்றி இறங்குகிறதா? கீல் ஆணி எங்கே அடித்தாலும் பிடிக்கவில்லையா? கம்பிகளைத் தாங்கும் கீழ்ச்சட்டமும் மூட்டுகளும் ஒருசேர மக்கிவிட்டனவா? கம்பியை ஆட்டினால் நிலையே அசைகிறதா? அப்படியானால் இனி அது வீட்டைக் காக்கும் நிலையில் இல்லை. அதை எடுத்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. தாழ்ப்பாளையும் கொக்கியையும் கண்ணாடியையும் நல்ல சட்டங்களையும் பத்திரமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் இன்னொரு சன்னல் அவற்றை ஒருநாள் கேட்கும்.

புதிதாக வரும் சன்னலும் இந்த நயங்களுக்கு வாரிசாக இருக்கட்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கும் காற்று வெளிச்சத்துக்குத் திறப்பு கேட்கிறது. இரண்டு கண்ணாடிகள் ஒன்றின் பின் ஒன்றாக நகரும் சன்னல் பாதிதான் திறக்கும். கதவாகத் திறந்த பழைய சன்னல் முழு வாயையும் காற்றுக்குக் கொடுத்தது. அலுமினியமோ யுபிவிசியோ மரமோ, எதுவானாலும், முழுதாகத் திறக்கிறதா, அடிவயிற்றில் நீர் சொட்டும் பள்ளம் இருக்கிறதா, ஓர் உறுப்பு கெட்டால் அதை மட்டும் கழற்ற முடியுமா என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தேக்கே வேண்டுமென்றால் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில், இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைகளும் கதவுகளும் விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றையும் கோணூசியோடு போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மழை ஓய்ந்து மரம் காய்ந்ததும் ஒரு காலையில் தொடங்கிவிடலாம். ஒரு கோணூசி, கொஞ்சம் நூல், ஒரு சாக்கட்டி போதும். ஊசி இறங்கும் இடத்திலெல்லாம் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். எல்லாச் சன்னலையும் சுற்றிவந்த பின், நல்ல ஆசாரி ஒருவரை அழைத்து அந்த வட்டங்களைக் காட்டுங்கள். எந்தச் சட்டம் போக வேண்டும், எது இன்னும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் காற்றுத் தரும் என்பதை, மரத்தை அறிந்த அவரும் அதை நேசித்துப் பார்த்த நீங்களும் சேர்ந்து தீர்மானித்துவிடலாம்.